பனி மண்வெட்டி வேண்டாம், பெயிண்ட் வாளி போதும்

கேள்வி சுருக்கமாக இது: வீடு குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம், வேலை நாகர்கோவிலில். தினமும் காரில்தான் போக்குவரத்து, இரவு ஒன்பதுக்கு மேல்தான் திரும்புவது. ஐப்பசி முதல் தை வரைக்கும் அவசரத்துக்கு வண்டியில் என்னென்ன வைத்திருக்க வேண்டும்? மார்கழி விடுமுறையில் பிள்ளைகளோடு மூணாறு போவதற்குத் தனியாக ஏதாவது வேண்டுமா? இணையத்தில் கிடைத்த குளிர்காலப் பட்டியலில் பனி வாரும் மண்வெட்டி, டயருக்குச் சங்கிலி, கண்ணாடியில் உறைபனி சுரண்டும் தகடு என்றெல்லாம் இருக்கிறதாம். அதில் எதை எடுப்பது, எதை விடுவது?

அந்தப் பட்டியலில் முக்கால்வாசியை விட்டுவிடுங்கள். பனியில் புதைந்து ஒரு ராத்திரி முழுக்க வண்டிக்குள்ளேயே உட்கார வேண்டியவர்களுக்காக எழுதியது அது. நம்ம ஊரில் எங்கே நின்றாலும் கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு இருக்கும். பேச்சிப்பாறைக்கு மேலே, கோதையாறு, கீரிப்பாறை எஸ்டேட் ரோடுகள் மட்டும் விதிவிலக்கு. இங்கே நமக்கு எதிரி நாலு: தண்ணீர், இருட்டு, முறிந்து விழும் மரம், துரு. முதல் மூன்றும் எல்லோருக்கும் தெரிந்தவை. நாலாவதுதான் சத்தமில்லாமல் வேலை செய்யும். கடல் காற்றும் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலமும் சேர்ந்து, வாங்கி வைத்த சாமானை டிக்கிக்குள்ளேயே தின்றுவிடும். ஆகவே பொருள் வாங்குவது பாதி வேலைதான். புரட்டாசி முடிவதற்குள் ஒரு நாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, உங்கள் கையாலேயே ஒருமுறை இயக்கிப் பார்ப்பது மீதிப் பாதி.

முதலில் பெட்டி. கடையில் ஜிப் வைத்த துணிப்பை விற்பார்கள். இரண்டு மழையில் பூஞ்சை பிடிக்கும். பெயிண்ட் கடையில் கிடைக்கும் 20 லிட்டர் காலி வாளி, ரப்பர் வளையம் வைத்த மூடியோடு வாங்குங்கள். தண்ணீர் புகாது, மேலே உட்காரலாம், தேவைப்பட்டால் தண்ணீர் மொள்ளலாம். கனமான சாமானைக் கீழேயும் அடிக்கடி எடுப்பதை மேலேயும் வையுங்கள். அடியில் ஒரு பழைய லுங்கி மடித்துப் போட்டால் சாமான் உருண்டு சத்தம் போடாது. கை துடைக்கவும் அதுவே ஆகும். ஆனால் எல்லாவற்றையும் வாளிக்குள் போட்டுவிடக் கூடாது. டார்ச், கண்ணாடி உடைக்கும் சுத்தியல், மழைக்கோட்டு, சார்ஜர் வயர் இவை நான்கும் டிரைவர் சீட்டில் இருந்தபடியே கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். டிக்கியில் கிடக்கும் சுத்தியலால் தண்ணீருக்குள் இறங்கிய காரில் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

மழைக்காலத்தில் அடிக்கடி நடப்பது பஞ்சர்தான். ரோட்டோர ஜல்லியும் ஆணியும் மழைத் தண்ணீரில் நடுரோட்டுக்கு வந்துவிடும். குழி தண்ணீருக்குள் மறைந்திருக்கும். வண்டியோடு வந்த ஜாக்கியும் ஸ்பேனரும் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அவை இரண்டும் முக்கியமான நேரத்தில் காலை வாருவதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு.

பஞ்சர் கடைகளில் நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் முறுக்குகிறார்கள். வண்டியோடு வரும் எல் வடிவ ஸ்பேனர் ஓரடி நீளம்கூட இருக்காது. அதை வைத்து அந்த நட்டைக் கழற்ற முயன்றால் ஸ்பேனர் வழுக்கி நட்டின் முனை தேயும், இல்லையென்றால் முழங்கை ரோட்டில் இடிக்கும். இதற்கு மருந்து ஹார்டுவேர் கடையில் இருக்கிறது: இரண்டடி நீள முக்கால் இஞ்ச் ஜி.ஐ. பைப் ஒரு துண்டு. ஸ்பேனரைக் கையோடு கொண்டுபோய் அதன் கைப்பிடி பைப்புக்குள் நுழைகிறதா என்று பார்த்து வாங்குங்கள். நுழைத்து, இடப்பக்கச் சுற்றாக உடம்பின் பாரத்தைக் கீழ்நோக்கி மெதுவாகக் கொடுத்தால் பெரும்பாலும் இளகிவிடும். கழற்றுவதற்கு மட்டும்தான் பைப். முறுக்கும்போது பைப் போட்டால் போல்ட் முறிந்துவிடும். சிலுவை ஸ்பேனர் வாங்குவதானால் உங்கள் நட்டின் அளவைப் பாருங்கள்: மாருதி வண்டிகளில் பொதுவாக 19 மில்லிமீட்டர், ஹூண்டாய், டொயோட்டாவில் 21.

நட்டைக் கழற்றிய பிறகும் சக்கரம் வராமல் ஒட்டிக்கொள்வது இன்னொரு தொல்லை. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் கடலோரத்தில் நிறுத்தும் வண்டிகளில் இது சர்வ சாதாரணம். சக்கரத்தின் நடு ஓட்டையும், சக்கரம் உட்காரும் இரும்புக் குடமான ஹப்பின் விளிம்பும் துருவால் பற்றிக்கொள்ளும். ஜாக்கியில் தூக்கிய வண்டியைக் காலால் உதைப்பது ஆபத்து. வண்டி ஜாக்கியிலிருந்து சரிந்துவிடும். நட்டுகளைத் திரும்பப் போட்டு, முழுக்க முறுக்காமல் இரண்டு சுற்று தளர்வாக விட்டு, வண்டியை இறக்கி, ஓரடி முன்னும் பின்னுமாக மெதுவாக நகர்த்துங்கள். டக் என்று ஒரு சத்தம் கேட்கும், விட்டுவிடும். பிறகு திரும்பவும் தூக்குங்கள். இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம் என்றால், அடுத்த முறை சக்கரம் கழற்றும்போது ஹப்பின் விளிம்பைக் கம்பி பிரஷால் தேய்த்து, விரல் நுனியில் எடுத்த கிரீஸை அங்கே மட்டும் பூசச் சொல்லுங்கள். போல்ட் மரையில் கிரீஸ் படக் கூடாது.

மூன்றாவது, மண். மழையில் ஊறிய செம்மண்ணில் ஜாக்கி வைத்தால் வண்டி எழும்பாது, ஜாக்கிதான் இறங்கும். ஓரடிக்கு ஓரடி, ஓர் அங்குலக் கனத்தில் அயினிப் பலகை ஒன்று, அது இல்லையென்றால் பழைய பிளைவுட் இரண்டு அடுக்கு, வாளிக்குப் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள். அதோடு சக்கரத்துக்கு இரண்டு முட்டுக்கட்டை. ரோட்டில் கல் தேடிக்கொள்ளலாம்தான், ஆனால் இருட்டில் கல் இருக்கும் இடத்தில் வேறு என்ன இருக்கிறது என்று தெரியாது.

வேலையின் வரிசை இப்படி. சமதளமாகப் பார்த்து, ரோட்டை விட்டு முடிந்தவரை விலகி நிறுத்துங்கள். கைபிரேக், முதல் கியர். ஆட்களை இறக்கி ரோட்டோரமாகத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கழற்றும் சக்கரத்துக்கு எதிர் மூலைச் சக்கரத்தில் முட்டு. சக்கரம் தரையில் இருக்கும்போதே எல்லா நட்டையும் அரைச்சுற்று இளக்குங்கள். பிறகுதான் ஜாக்கி. கதவுக்குக் கீழ் விளிம்பில் இரண்டு வெட்டுக் குறி இருக்கும். அதன் நடுவில்தான் ஜாக்கியின் தலை உட்கார வேண்டும். வண்டி எழும்பியதும் ஸ்டெப்னியைக் கதவுக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள். ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும், உங்கள் கால் தப்பிக்கும். மாட்டும்போது நட்டுகளைக் கையாலேயே முறுக்கி, வண்டியை இறக்கிய பின் எதிரெதிராக இறுக்குங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை.

ஸ்டெப்னி பற்றி இரண்டு விஷயம். அதில் காற்று இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. மாதம் ஒருமுறை மற்ற டயருக்கு அடிக்கும்போது அதற்கும் கதவோரத்து ஸ்டிக்கரில் சொன்னதைவிட இரண்டு, மூன்று பி.எஸ்.ஐ. கூட்டியே அடித்து வையுங்கள், குறைப்பது எளிது. டயரின் பக்கவாட்டில் அளவுக்கு முன் டி என்ற எழுத்து இருந்தால் அது தற்காலிக டயர். அதற்கு 60 பி.எஸ்.ஐ. வேண்டும், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. சில பெரிய வண்டிகளில் ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் சங்கிலியிலோ கம்பிவடத்திலோ தொங்கும். அது துருப்பிடித்தால் ஒர்க்ஷாப்பில் வெட்டித்தான் எடுக்க முடியும். ஒருமுறை இறக்கிப் பார்த்து எண்ணெய் விட்டு வையுங்கள்.

டியூப்லெஸ் டயருக்கான பஞ்சர் கிட்டும், வண்டியின் 12 வோல்ட் சாக்கெட்டில் ஓடும் காற்றுப் பம்பும் வாங்கலாம். இரண்டில் ஒன்றுதான் என்றால் பம்பு. ஆணி ஏறி மெதுவாகக் காற்று இறங்குகிறது என்றால் அந்த ஆணியைப் பிடுங்காதீர்கள்! அதுதான் இப்போதைக்கு உங்கள் அடைப்பான். 35 பி.எஸ்.ஐ. அடித்துக்கொண்டு, மெதுவாக ஓட்டி, பஞ்சர் கடை வரை போய்விடலாம். மழையில் நனைந்து சக்கரம் கழற்ற வேண்டியதில்லை. டயரின் பக்கவாட்டுச் சுவரில் கிழிசல் என்றால் பஞ்சர் கிட் உதவாது, ஸ்டெப்னிதான். பம்பு ஓடும்போது என்ஜினை ஓடவிடுங்கள், பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீர்கள். சாக்கெட்டின் ஃபியூஸ் போய்விட்டால் பம்பும் செத்தது, சார்ஜரும் செத்தது. 10, 15, 20 ஆம்பியரில் இரண்டிரண்டு ஃபியூஸ் சின்ன டப்பாவில் கிடக்கட்டும். நிறத்தை வைத்தே அடையாளம் தெரியும்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள்.

இனி இருட்டு. டார்ச்சைவிடத் தலையில் மாட்டும் எல்.இ.டி. விளக்கு நூறு மடங்கு மேல், ஏனென்றால் இரண்டு கையும் வேலைக்கு மிஞ்சும். பேட்டரிக் கட்டைகளை உள்ளே போட்டு மாதக்கணக்கில் வைத்தால் கசிந்து முனைகளை அரித்துவிடும். கட்டைகளைத் தனியாக ஜிப் கவரில் வையுங்கள். பவர்பேங்கை வண்டியிலேயே விட வேண்டாம். நம்ம வெயிலில் நிற்கும் காருக்குள் வரும் சூட்டில் அது உப்பிப்போகும். அலுவலகப் பையில் வைத்துக் கொண்டுவந்து போங்கள். ஜம்ப் ஸ்டார்ட்டர் என்று விற்கும் பெட்டிகளுக்கும் இதே கதிதான்.

சிவப்பு முக்கோணம் புது வண்டியோடேயே வரும். பலர் அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரித்திருக்க மாட்டார்கள். சாதாரண ரோட்டில் வண்டிக்குப் பின்னால் 50 மீட்டர், நான்குவழிச் சாலையில் 100 மீட்டருக்குக் குறையாமல் வைக்க வேண்டும். 50 மீட்டர் என்றால் எழுபது எட்டு போல நடப்பது. வில்லுக்குறி, தக்கலை பக்கம் வளைவும் ஏற்றமும் உள்ள ரோட்டில் தூரம் அளந்து பிரயோஜனமில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம், வருகிறவன் திரும்புவதற்கு முன்பே பார்க்கிற இடத்தில் வையுங்கள். கடையில் கிடைக்கும் முக்கோணங்கள் லேசானவை. லாரி ஒன்று போன காற்றிலேயே மல்லாந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் காலில் சாய்த்து வைத்தால் நிற்கும். ஒளிரும் பட்டை வைத்த மேல்சட்டை ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளை வேட்டி இருட்டில் தெரியும் என்பதெல்லாம் மழையில் செல்லாது. நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுவது வண்டி நிற்கும்போது மட்டும். மழையில் ஓட்டிக்கொண்டே அதைப் போட்டால், நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

தண்ணீர் விஷயத்தில் வாளியில் உள்ள எந்தச் சாமானும் உங்களைக் காப்பாற்றாது. வண்டியைத் திருப்புவதுதான் காப்பாற்றும். குழித்துறை சப்பாத்து போல ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகப் போகும் பாதைகளை, பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் தண்ணீர் திறந்திருக்கும் நாட்களில் நினைக்கவே வேண்டாம். அதைவிட மோசம் சானல் கரை ரோடு, அதாவது பாசனக் கால்வாயின் கரையில் போகும் ரோடு. மழைத்தண்ணீர் ரோட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் ரோடு எங்கே முடிகிறது, சானல் எங்கே தொடங்குகிறது என்று பகலிலேயே தெரியாது. பல இடங்களில் கைப்பிடிச் சுவர் கிடையாது. 2021 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் ரயில் பாதையிலேயே மண் சரிந்து ரயில்கள் நின்றன. 2023 டிசம்பரில் பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது; ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே மாட்டிக்கொண்டது. அப்படிப்பட்ட நாளில் கார் எம்மாத்திரம்?

சாதாரண மழை நாளில் தேங்கிய தண்ணீரை அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. முன்னால் போகும் சின்னக் காரின் சக்கரத்தைப் பாருங்கள். தண்ணீர் இரும்பு ரிம்மின் கீழ் விளிம்பைத் தொட்டால் ஏறக்குறைய அரையடி. அதுதான் உங்கள் எல்லை. ஓடுகிற தண்ணீராக இருந்தால் அதுவே வண்டியின் பிடியை விடுவிக்கப் போதும். சக்கரத்தின் நடுமூடி வரை என்றால் ஓரடி. பல கார்கள் அந்த ஆழத்தில் மிதக்கத் தொடங்கும். இரண்டடி ஓடும் தண்ணீர் பெரிய எஸ்.யு.வி.யையும் இழுத்துக்கொண்டு போகும். பஸ் போகிறதே என்று பின்னாலேயே போகாதீர்கள். பஸ்ஸின் காற்று உறிஞ்சும் குழாய் எங்கே இருக்கிறது, உங்கள் காரின் குழாய் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பானெட்டைத் திறந்து பாருங்கள். பல கார்களில் அது முன் கிரில்லுக்குப் பின்னால் ஹெட்லைட் உயரத்தில்தான். எதிரே வரும் பஸ் எழுப்பும் அலை அந்த உயரத்தைச் சுலபமாகத் தாண்டும்.

தண்ணீரில் என்ஜின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஒரு தடவைகூட. சிலிண்டருக்குள் போன தண்ணீரைப் பிஸ்டன் அழுத்தப் பார்க்கும். தண்ணீர் அழுந்தாது, கனெக்டிங் ராடுதான் வளையும். சில ஆயிரத்தில் முடிய வேண்டிய சுத்தம் செய்யும் வேலை, என்ஜினையே பிரிக்கும் வேலையாக மாறுவது அந்த ஒரு சாவித் திருப்பத்தில்தான். இன்சூரன்ஸிலும் இது பெரிய இடைஞ்சல்: சாதாரண பாலிசியில், தண்ணீர் புகுந்த பின் ஸ்டார்ட் செய்ததால் வந்த என்ஜின் சேதம் பின்விளைவுச் சேதம் என்று கழித்துவிடுவார்கள். என்ஜின் பாதுகாப்புக்குத் தனியாக ஒரு இணைப்பு உண்டு. புதுப்பிக்கும்போது கேட்டு வாங்குங்கள். நின்ற வண்டியைத் தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து, பேட்டரியின் கறுப்பு முனையைக் கழற்றிவிட்டு, தூக்கிச் செல்லும் வண்டிக்குச் சொல்லுங்கள். இதற்கு 10 நம்பர் ஸ்பேனர் ஒன்று வாளியில் இருந்தால் பெரும்பாலான வண்டிகளுக்குப் போதும்.

வண்டி தண்ணீரில் இறங்கி மிதக்கிறது என்றால் வரிசை இதுதான்: பெல்ட்டைக் கழற்று, பக்கக் கண்ணாடியை இறக்கு, பிள்ளைகளை முதலில் வெளியே தள்ளு, நீ வெளியேறு. பவர் விண்டோ முதல் நிமிடத்தில் வேலை செய்ய வாய்ப்பு உண்டு. கதவைத் தள்ளி நேரத்தைக் கழிக்காதீர்கள், வெளித் தண்ணீரின் அழுத்தத்தில் அது திறக்காது. கண்ணாடி இறங்காவிட்டால்தான் சுத்தியல். பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும். முன் கண்ணாடி இரண்டு அடுக்கு ஒட்டியது; எவ்வளவு அடித்தாலும் விரிசல்தான் விழும். சில புது மாடல்களில் பக்கக் கண்ணாடியும் அதே ஒட்டுக் கண்ணாடி. மூலையில் அச்சடித்த எழுத்தில் அது தெரியும். அப்படியானால் பின்கண்ணாடியைக் குறிவையுங்கள்.

பேட்டரி குளிரால்தான் சாகும் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. நம்ம பக்கம் பங்குனி, சித்திரை வெயில் அதைப் பலவீனமாக்கும். ஐப்பசி மழை முடித்துவைக்கும். இரவு ஓட்டத்தில் ஹெட்லைட், வைப்பர், ஏ.சி. எல்லாம் ஒன்றாக ஓடும். மார்த்தாண்டம் நெரிசலில் என்ஜின் சும்மா ஓடும் வேகத்தில், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் கொடுப்பது குறைவு. எலக்ட்ரிக் கடையில் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் 12.6 வோல்ட் இருந்தால் நல்ல பேட்டரி, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பதை, வெந்நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து ஊற்றிப் பழைய டூத்பிரஷால் தேய்த்து, காய்ந்தபின் வாசலின் தடவுங்கள்.

ஜம்பர் கேபிள் வாங்கும்போது ரப்பரின் தடிமனைப் பார்த்து ஏமாறக் கூடாது. விரல் தடிமன் ரப்பருக்குள் தீக்குச்சித் தடிமனில் கம்பி இருக்கும் கேபிள்கள் நிறைய விற்கின்றன. இழுத்தால் சூடாகும், வண்டி அசையாது. பெட்ரோல் வண்டிக்கு 16, டீசலுக்கு 25 சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பி, நீளம் மூன்று மீட்டர். மாட்டும் வரிசை: சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் கூட்டல் முனையில், அடுத்தது நல்ல பேட்டரியின் கூட்டல் முனையில், கறுப்பு நல்ல பேட்டரியின் கழித்தல் முனையில், அதன் மறுமுனை செத்த வண்டியின் என்ஜினில் பெயிண்ட் இல்லாத இரும்பில். கடைசி இணைப்பில் தீப்பொறி பறக்கும்; அது பேட்டரிக்குப் பக்கத்தில் பறக்கக் கூடாது என்பதற்காகத்தான் இரும்பில் மாட்டுவது. கழற்றுவது இதற்கு நேர் எதிர் வரிசை.

ஒக்கி புயலை மறந்திருக்க மாட்டோம். 2017 நவம்பர் 30 அன்று ரப்பரும் தென்னையும் வாழையும் சாய்ந்து, கம்பம் முறிந்து, நாள்கணக்கில் கரண்டும் செல்போன் சிக்னலும் இல்லாமல் கிடந்த மாவட்டம் இது. குலசேகரம் ரோட்டில் இரண்டு பக்கமும் ரப்பர். அது காற்றுக்கு எளிதில் முறியும் மரம். மடக்கி வைக்கும் கைவாள் ஒன்று, பத்து அங்குல அலகில், வாளியில் இருக்கட்டும். கைத்தடிமன் கொம்பை அறுத்து ஒரு வண்டி போகும் அளவுக்கு வழி விட அது போதும். வெட்டுக்கத்தி வைத்துக்கொண்டு ராத்திரியில் செக்போஸ்ட்டில் நின்று பதில் சொல்லும் சங்கடமும் இல்லை. ஆனால் விழுந்த மரத்தில் வாளை வைப்பதற்கு முன் டார்ச்சை மேலே அடித்துப் பாருங்கள். கரண்ட் கம்பி ஒன்று எங்காவது கொம்பில் சிக்கியிருந்தால் கிட்டே போகாதீர்கள். ஈர மரத்திலும் ஈரத் தரையிலும் மின்சாரம் பாயும். கம்பி உங்கள் வண்டிமேலேயே விழுந்துவிட்டால் உள்ளேயே இருந்து மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, பாதத்தைத் தூக்காமல் தரையோடு இழைத்தபடி விலகிப் போக வேண்டும்.

இழுக்கும் கயிறு: நான்கு, ஐந்து மீட்டர் நீளம், உங்கள் வண்டியின் எடையைப் போல இரண்டு மடங்காவது தாங்கக்கூடிய பட்டை. துறைமுகத்தில் கிடைக்கும் மீன்பிடிக் கயிறு உறுதியானதுதான், ஆனால் பாரம் ஏறிய முடிச்சை அவிழ்க்க முடியாது, வெட்டத்தான் வேண்டும். இழுவைக் கொக்கி ஜாக்கியோடு டிக்கியில் இருக்கும். முன் பம்பரில் ஒரு சின்ன மூடியைத் திறந்து அங்கே முறுக்க வேண்டும். சில வண்டிகளில் இந்த மரை தலைகீழாக, இடப்பக்கம் சுற்றினால் ஏறுவதுபோல இருக்கும். வீட்டு வாசலில் ஒருமுறை மாட்டிப் பார்த்தால் இதெல்லாம் தெரிந்துவிடும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைக் கயிறு கட்டி இழுக்கவே வேண்டாம், கியர்பாக்ஸ் போய்விடும். என்ஜின் ஓடாத வண்டியில் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாக இருக்கும் என்பதையும் இழுபடும் வண்டியில் ஸ்டீயரிங் பிடிப்பவருக்குச் சொல்லிவையுங்கள்.

மருந்துப் பெட்டியில் வண்டியோடு வந்த பேண்டெய்டும் பஞ்சும் போதாது. கட்டுத்துணிச் சுருள் நான்கு, 10 சென்டிமீட்டர் கிரேப் பேண்டேஜ் இரண்டு, கையுறை இரண்டு ஜோடி, கத்தரிக்கோல், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நான்கு, வீட்டில் யாராவது தினசரி மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இரண்டு நாளுக்கானது. மழை ராத்திரியில் எஸ்டேட் ரோட்டில் இறங்கும்போது பாம்புப் பயம் நிஜமானது. கால்முட்டு வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி டிக்கியில் போடுங்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள், அல்லது ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர், எவர்சில்வர் பாட்டிலில். வாரம் ஒருமுறை மாற்றுங்கள். தின்பதற்குக் கடலைமிட்டாயும் ஏத்தங்காய் சிப்ஸும் போதும். கருப்பட்டி வைக்கலாம் என்று தோன்றும், ஆனால் மழை ஈரத்தில் கசிந்து எறும்பு வண்டி முழுக்கக் குடியேறும். பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டாக ஐந்நூறு ரூபாய் தனியாக வையுங்கள். கரண்டும் சிக்னலும் போன நாளில் போன் பணம் செல்லாது. அதே காரணத்துக்காக மழைச் சீசனில் டேங்க் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். கேனில் பெட்ரோல் வைத்துக்கொண்டு ஓட்டுவது மட்டும் கூடாது. தீயணைப்பான் ஒரு கிலோ ஏ.பி.சி. பவுடர், சீட்டுக்கு அடியில் உருளாமல் பட்டை போட்டுக் கட்டி. மாதம் ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்து ஆட்டுங்கள். ஓட்டத்தின் அதிர்வில் பவுடர் அடியில் கட்டியாகிவிடும்.

112, 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, உங்கள் இன்சூரன்ஸின் சாலை உதவி எண், வீட்டில் இரண்டு பேர் எண். இவற்றை ஒரு அட்டையில் பேனாவால் எழுதி, டேப் ஒட்டி, கிளவ் பாக்ஸில் வையுங்கள். போன் செத்த பிறகு போனில் உள்ள எண்ணால் என்ன பயன்?

பெட்டிக்கு வெளியே இரண்டு வேலை. வைப்பர் ரப்பர் நம்ம வெயிலில் வருஷத்துக்கு மேல் தாங்காது, புரட்டாசியில் மாற்றுங்கள். டயரின் பட்டைக் குழிக்குள் சின்னதாக ஒரு மேடு இருக்கும். தேய்மானம் அதைத் தொட்டால் 1.6 மில்லிமீட்டர், அது சட்டப்படியான கடைசி எல்லை. மழைக்கு அதுவரை காத்திருக்கக் கூடாது, 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுவது நல்லது. குழி ஆழம் இல்லாத டயர் தண்ணீரை வெளியே தள்ளாமல் அதன்மேல் சறுக்கும். உள்பக்கக் கண்ணாடியில் ஆவி படிந்தால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டாதீர்கள். ஏ.சி.யைப் போட்டு, வெளிக்காற்று வரும்படி மாற்றி, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள், ஏ.சி. காற்றின் ஈரத்தை எடுத்துவிடும்.

மூணாறுக்குத் தனிச் சாமான் அதிகம் தேவையில்லை. டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் அங்கே உறைபனி விழும் நாட்கள் உண்டு, ஆனால் ரோட்டில் சங்கிலி போடும் அளவுக்கு அல்ல. பிள்ளைகளுக்குக் கம்பளியும் காதுக்குல்லாவும், உங்களுக்கு ஒரு பிளாஸ்க் சுக்குக்காப்பியும் போதும். நாகர்கோவிலில் 30 டிகிரியில் அடித்த காற்று, அங்கே விடியற்காலை 5 டிகிரியில் கொஞ்சம் குறைந்து காட்டும். அது கசிவு இல்லை, குளிர். ஓட்டம் எடுக்கும் முன் பம்பால் சரிசெய்துகொள்ளலாம். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் பழக்கம் இருந்தால் போவதற்கு முன் கூலன்ட் மாற்றுங்கள். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது வெறும் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வந்தால் பாதியில் பிடிக்காமல் போகும். மூடுபனியில் ஹை பீம் போட்டால் உங்கள் வெளிச்சமே வெள்ளைச் சுவராகத் திரும்பி வரும். லோ பீமும் ஃபாக் லைட்டும்தான். காலையில் கண்ணாடியில் வெள்ளையாக உறைந்திருந்தால் ஓட்டல்காரர் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றப் பார்ப்பார், தடுத்துவிடுங்கள், கண்ணாடியில் விரிசல் விழும். பழைய ஏ.டி.எம். கார்டு ஒன்றால் சுரண்டினால் இரண்டு நிமிட வேலை.